தேயிலைச் சுவைஞர்: நாக்கால் நடந்த ஒரு தொழில்
(ஆலங்குடாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தேயிலைச் சுவைஞர் ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைக்கிறார், ஒன்றையும் குடிப்பதில்லை. கரண்டியால் எடுத்த சாயத்தைச் சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றி, எச்சில் கலத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிறார். இடையில் கழிவது சில விநாடிகள். அதற்குள் அந்தத் தேயிலை எந்த உயரத்தில் விளைந்தது, தொழிற்சாலையில் எந்தக் கட்டத்தில் என்ன கெட்டது, வருகிற ஏலத்தில் கிலோவுக்கு என்ன விலை பெறும் என்று அவர் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் அதைக் குறித்துக்கொள்வார். தரகர் கம்பெனியின் சுவைஞர் சொல்லும் விலையே ஏலத்துக்கு முன் ஒரு சரக்கின் மதிப்பாக நிற்கும். வாங்குகிற கம்பெனிக்கும் தனியாக ஒரு சுவைஞர் உண்டு. இவ்விரு நாக்குகளுக்கும் இடையில் நடக்கும் பேரமே கொழும்புத் தேயிலை வணிகம் என்று சொன்னால் அது மிகையாகாது.

சுவை பார்க்கும் முறை கறாரானது. சர்வதேசத் தரம் வகுத்த கணக்கு நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிட ஊறல். வணிக அறைகளில் பழைய காலத்தில் ஒரு சிறு நாணயத்தைத் தராசுத் தட்டில் வைத்து அதன் எடைக்குத் தேயிலையை நிறுப்பார்கள். விளிம்பில் பல் வைத்த மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குவளையில் தேயிலை ஊறும். மூடியைப் பிடித்தபடி குவளையைக் கிண்ணத்தின்மேல் சாய்த்தால் சாயம் மட்டும் வடியும். ஊறிய இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் குவித்து வைப்பார்கள். ஆகவே சுவைஞர் முன் ஒவ்வொரு சரக்கும் மூன்று உருவில் நிற்கிறது: காய்ந்த தேயிலை, ஊறிய இலை, சாயம். நாக்கு வேலை தொடங்குமுன்பே கண்ணும் மூக்கும் பாதித் தீர்ப்பை எழுதிவிடும். நிறம் பிசகாமல் தெரிய வேண்டும் என்பதால் வடக்கு வெளிச்சம் விழும் அறைகளையே அந்தக் காலத்தில் தேர்ந்தார்கள்.

உறிஞ்சும்போது எழும் சத்தம் மரியாதைக் குறைவல்ல. சாயம் காற்றோடு கலந்து நுண்துளிகளாகத் தொண்டைப் பின்புறம் போய், அங்கிருந்து மணம் மூக்குக்கு ஏற வேண்டும். நாக்குக்குத் தெரிவது கசப்பு, புளிப்பு, இனிப்பு போன்ற சில சுவைகளே. ஊவாத் தேயிலையை நுவரெலியாத் தேயிலையிலிருந்து பிரித்துக் காட்டுவது மணம். ஈறும் உள்கன்னமும் இறுகுவதுபோன்ற துவர்ப்பு உணர்வும் தனியே கணக்கில் சேரும். அதைத்தான் தொழிலில் ‘பிரிஸ்க்’ என்கிறார்கள். சாயத்தின் பளபளப்பு தியாஃபிளேவின் என்ற பொருளாலும், அடர்ந்த செந்நிறம் தியாரூபிஜின் என்ற பொருளாலும் வருகின்றன. இரண்டும் பச்சைக் கொழுந்தில் இல்லை. உருட்டிய இலை காற்றுப் பட்டுப் பழுக்கும்போது உண்டாகின்றன. அந்தப் பழுத்தல் அரைமணி நேரம் நீண்டாலும் சுவைஞர் கண்டுபிடித்துவிடுவார். அடுப்பில் சூடு மிஞ்சினால் ‘பேக்கி’, கருகினால் ‘பர்ன்ட்’, புகை ஏறினால் ‘ஸ்மோக்கி’, பக்கத்தில் மண்ணெண்ணெயோ சவர்க்காரமோ இருந்து வாசம் பிடித்திருந்தால் ‘டெயின்ட்டட்’. இந்தச் சொற்களைத் தாங்கிய அறிக்கை தோட்டத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகும். மலையில் தேயிலை வாட்டுகிறவர் கொழும்பில் முகம் தெரியாத ஒருவரின் நாக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பருவமும் உயரமும் தெரியாதவர் இந்த வேலைக்கு உதவமாட்டார். இலங்கையில் கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிவரை தாழ்நிலம், 2,000 முதல் 4,000 அடிவரை இடைநிலம், அதற்குமேல் உயர்நிலம் என்று தேயிலை பிரிக்கப்படுகிறது. ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும். செடி நீரை இழந்து வாடும் அந்த வாரங்களில்தான் அதன் இலையில் பச்சிலைத் தைலம்போன்ற கூர்மணம் ஏறுகிறது. திம்புள்ளவுக்கு அந்தப் பருவம் சனவரி முதல் மார்ச் வரை. ஒரே தோட்டம், ஒரே செடி, ஒரே தொழிற்சாலை. மழை மாதத்தில் சாதாரண விலைக்குப் போகும் தேயிலை காற்று மாதத்தில் பல மடங்கு விலை பெறும். மாத்தறை, காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையின் கதை வேறு. அங்கு மணம் மெலிது. இலை கறுத்து, சாயம் கனமாக இருக்கும். மேற்காசிய நாடுகளும் ரஷ்யாவும் அதையே விரும்புவதால், நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ அறுபது வீதம் தாழ்நிலத்திலிருந்து வருகிறது. மலை என்றால் தேயிலை, தேயிலை என்றால் மலை என்ற எண்ணத்தைத் திருத்தும் கணக்கு இது.

தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆலங்குடா இருக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் அது நாள்தோறும் தெரிகிற விடயம். இங்குள்ள கிணற்று நீர் மணலுக்கடியில் தேங்கிய மழைநீர். சிப்பியும் சங்கும் அரைந்த மணலைத் தொட்டுக் கிடப்பதால் சுண்ணாம்பு கலந்து கடினமாகிறது. கடினநீரில் தேயிலையின் பளபளப்பு மங்கும், மேலே மெல்லிய ஆடை படியும், துவர்ப்பு தட்டையாகும். ஹட்டனில் வாங்கிய அதே பக்கற்று ஆலங்குடாவில் வேறு தேத்தண்ணி ஆவதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இதை நன்றாக அறிந்திருந்தவர்கள் பிரித்தானியக் கலவைக் கம்பெனிகள். எந்த நகரத்துக்கு விற்கிறார்களோ அந்த நகரத்துத் தண்ணீரில் ஊற வைத்தே கலவையைத் தீர்மானித்தார்கள். லண்டன் நீருக்கு ஒரு கலவை, ஸ்கொட்லாந்தின் மென்னீருக்கு இன்னொன்று. சுவைஞரின் கல்வியில் புவியியலுக்குப் பெரிய இடம் உண்டு.

இந்த நாக்கு நெடுங்காலம் வெள்ளையருடையதாகவே இருந்தது. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது 1869இல். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1883இல் சமர்வில் என்ற தரகர் கம்பெனியின் அலுவலகத்தில் கொழும்பின் முதல் தேயிலை ஏலம் நடந்தது. ஆனாலும் தேயிலையின் தலைநகரம் லண்டனிலுள்ள மின்சிங் லேன் என்ற தெருதான். 17ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்த லண்டன் ஏலம் 1998 யூன் மாதத்தில்தான் நின்றது. இலங்கையின் தேயிலையைக் கப்பலேற்றியவர், தரகு பார்த்தவர், சுவைத்தவர், கலந்தவர், பெயர் ஒட்டியவர் எல்லாரும் அங்குள்ளவர்கள் அல்லது அங்கிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து மலையேறிய குடும்பங்கள் கொழுந்து பறித்தன. அந்தக் கொழுந்தின் தரத்தைச் சொல்லும் உத்தியோகம் ஒரு உள்ளூர்வாசிக்கும் கிடைக்கவில்லை. சொல்லப்பட்ட காரணம் வேடிக்கையானது: மிளகாயும் மசாலாவும் தின்று பழகிய நாக்கு நுட்பச் சுவைக்கு உதவாதாம். அது உடற்கூறு சொன்ன காரணமல்ல, வேலை கொடுக்க மனமில்லாதவர் சொன்ன காரணம். இன்று கொழும்பு ஏலத்துக்குச் சுவை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் மதியம் சோறும் கறியும் உண்பவர்கள்தாம்.

அந்தக் கதவு திறந்தபோது உள்ளே போன முதல் சிலருள் ஒருவர் மெரில் ஜே. பெர்னாண்டோ. 1930 மே மாதத்தில் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள பல்லன்சேனையில் பிறந்தவர். கற்பிட்டிக் கரைக்குப் பருவந்தோறும் வாடி போட வரும் மீனவர் பலர் நீர்கொழும்புக் கரையினர்; பெர்னாண்டோவும் அந்தக் கரைதான், மலைநாட்டவரல்லர். தேயிலைச் செடியைப் பார்த்து வளர்ந்த குடும்பப் பின்னணியோ தோட்ட உரித்தோ அவருக்கு இருக்கவில்லை. 1948இல் சுதந்திரம் வந்த பிறகு, வர்த்தக நிறுவனங்களில் இலங்கையருக்கும் இடம் தரவேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. அதன் விளைவாக 1950களில் தேயிலைச் சுவைப் பயிற்சிக்கு உள்ளூர் இளைஞர் சிலரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களுள் ஒருவராகப் பயிற்சி பெற்ற பெர்னாண்டோ, பின்னர் மின்சிங் லேனுக்கே பயிலப் போனார்.

லண்டனில் அவர் கண்டது சுவைப் பாடத்தைவிடப் பெரியது. இலங்கையிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய நல்ல தேயிலையை வேறு நாடுகளின் மலிவான தேயிலையோடு கலந்து, பெரும் கம்பெனிகளின் பெயரில் விற்றார்கள். கலவைக்குள் போன இலங்கைத் தேயிலைக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. மூலப்பொருள் அனுப்பிய நாட்டுக்கு ஏல விலை மட்டும் கிடைத்தது. கலவை, பொதி, விளம்பரம், பெயர் ஆகியவற்றில் பிறந்த இலாபம் முழுதும் அங்கேயே நின்றது. கற்பிட்டிக் கருவாடு சாக்கில் புறக்கோட்டைக்குப் போய், பல ஊர்க் கருவாட்டோடு ஒரே குவியலாகிப் பெயரிழப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலவையே மோசடி என்று சொல்லவும் முடியாது. ஆண்டு முழுதும் ஒரே சுவையை ஒரே விலையில் தர வேண்டும் என்றால் இருபது முப்பது தோட்டங்களின் தேயிலையைச் சேர்க்காமல் முடியாது. அது ஒரு கலைதான். பெர்னாண்டோவின் குறை கலையைப் பற்றியதல்ல. அந்தக் கலையின் கூலி யாருக்குப் போகிறது என்பதைப் பற்றியது. விளைவித்த நாட்டிலேயே பொதிசெய்து, விளைவித்தவனின் பெயரில் விற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று அவர் பின்னாளில் பலமுறை சொன்னார்.

எண்ணம் செயலாக முப்பது ஆண்டு பிடித்தது. ஊர் திரும்பி ஏ. எப். ஜோன்ஸ் என்ற பிரித்தானியக் கம்பெனியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதன் நிர்வாகப் பணிப்பாளராகி, பங்காளி ஒருவரோடு சேர்ந்து அதை வாங்கவும் செய்தார். சோவியத் ஒன்றியத்துக்கு இலங்கைத் தேயிலை போகத் தொடங்கிய காலத்தில் முதற் சரக்குகளை அனுப்பியவர்களுள் அவரும் ஒருவர். 1962இல் தம் பெயரில் தனிக் கம்பெனி தொடங்கினார். ஆனால் அப்போதும் விற்றது மொத்தத் தேயிலைதான்: சாக்கிலும் பெட்டியிலும் போய், வெளிநாட்டில் வேறொருவர் பெயர் பெறும் தேயிலை. தாம் எதிர்த்த ஏற்பாட்டுக்கே இருபது ஆண்டுக்கு மேல் சரக்குக் கொடுத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதல் சேர்க்காத வணிகன் பெயர் வாங்க முடியாது.

நடுவில் நாட்டு நிலைமையும் மாறியது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. பிரித்தானிய ஸ்டேர்லிங் கம்பெனிகள் போயின. அவற்றின் தரகர்களும் சுவைஞர்களும் படிப்படியாக விலகிய நாற்காலிகளில் இலங்கையர் அமர்ந்தனர். 1976இல் இலங்கைத் தேயிலைச் சபை அமைந்தது. 1972இல் நாட்டின் பெயர் மாறியும் தேயிலை மட்டும் ‘சிலோன் டீ’ என்றே நின்றது. உலகச் சந்தை அந்தப் பெயருக்குப் பணம் கொடுத்தது. பெயர் மாற்றியிருந்தால் அந்தப் பணம் போயிருக்கும். அரசியல் விட்டுக்கொடுத்த மிகச் சில இடங்களுள் அது ஒன்று.

1980களில் பெர்னாண்டோ தம் மகன்மார் டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து ‘டில்மா’ என்ற பெயரை உருவாக்கி ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு விட்டார். பல்பொருள் அங்காடித் தட்டில் பன்னாட்டுக் கம்பெனிப் பக்கற்றுகளுக்குப் பக்கத்தில் இடம்பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. அவர் எடுத்த வழி புதுமையானது: தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிகர் யாரையும் போடாமல் தாமே வந்து, தம் தேயிலையை ஒருமுறை குடித்துப் பார்க்கும்படி மெல்லக் கேட்டுக்கொண்டார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்த முகம் வீட்டு முகமாயிற்று. பக்கற்றில் அவர் முன்வைத்த வாக்கு ஒன்றுதான்: உள்ளிருப்பது இலங்கைத் தேயிலை மட்டும், பறித்த நாட்டிலேயே பொதிசெய்யப்பட்டது. சுவைஞராகத் தொடங்கியவர் என்பதால் அந்த வாக்கை அவரால் நாக்கால் சோதித்துக் காப்பாற்ற முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் டில்மா விற்பனையாவதாகக் கம்பெனி கூறுகிறது.

இதே காலத்தில் இத்தாலியில் வேறொரு நாக்கு இதே சிக்கலை எதிர்கொண்டது. சரக்கு திராட்சை மது. மது புழங்காத ஊரிலும் அதன் வணிகப் பாடம் செல்லும். ஜாக்கொமோ டாக்கிஸ் 1933இல் பியட்மொன்ட் பகுதியில் பொய்ரீனோ என்ற ஊரில் பிறந்து, அல்பாவிலுள்ள மதுத்தொழிற் பள்ளியில் படித்தார். 1961இல் புளோரன்ஸ் நகரத்து ஆன்தினோரி குடும்பத்தின் நிறுவனத்தில் சேர்ந்தார். அன்றைய இத்தாலி மது பெரும்பாலும் மலிவுச் சரக்கு. தென்பகுதி மதுவை வடக்கே கலவைக்கு விற்றார்கள். 1963இல் இத்தாலி அரசு விளைநிலப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் கியான்தி மதுவில் வெள்ளைத் திராட்சையும் கட்டாயம் சேர வேண்டும் என்பதுபோன்ற பழைய வழக்கங்களையும் அது விதியாக்கிவிட்டது. டாக்கிஸ் போல்கேரிக் கடற்கரைப் பகுதியில் ‘ஸாஸிக்காயா’ என்ற மதுவைத் திருத்தினார். அதன் 1968ஆம் ஆண்டு விளைச்சல் முதன்முதல் சந்தைக்கு வந்தது. 1971 விளைச்சலில் ‘தின்யானெல்லோ’ என்ற இன்னொரு மது உருவானது. இரண்டும் விதிக்குள் அடங்காததால், உயர்ந்த விலை பெற்றபோதும் ‘மேசை மது’ என்ற கடைநிலைப் பெயரிலேயே விற்க நேர்ந்தது. சுவைத்தவர்கள் பெயரைப் பார்க்கவில்லை. 1994இல் சட்டம் இறங்கிவந்து ஸாஸிக்காயாவுக்கு இடம் கொடுத்தது.

1986இல் மெதனோல் கலந்த மலிவு மதுவால் இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏற்றுமதி சரிந்தது. ஊர்ப்பெயரை நம்பி வாங்குகிறவனிடம் ஒருமுறை பொய் சொன்னால் முழு நாடும் தண்டம் கட்ட வேண்டியிருக்கும் என்பதை இத்தாலி அப்போது கற்றது. டாக்கிஸ் சார்தீனியாவுக்கும் சிசிலிக்கும் ஆலோசகராகப் போய், கலவைக்கு மட்டும் உதவும் என்று ஒதுக்கப்பட்ட தென்பகுதித் திராட்சைக்குத் தனிப்பெயர் வாங்கிக் கொடுத்தார். 2016இல் காலமானார். பெர்னாண்டோவுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். டாக்கிஸ் கடைசிவரை பிறருக்குச் சம்பளத்துக்கும் ஆலோசனைக் கட்டணத்துக்கும் வேலைசெய்த வல்லுநர். அவருக்குப் பின்னால் நிலமும் பிரபுப் பட்டமும் உள்ள குடும்பங்கள் நின்றன. பெர்னாண்டோ பெயரையே தமதாக்கிக்கொண்ட வணிகர்.

அந்த வணிகர் தம் கொள்கைக்காக உள்நாட்டிலும் சண்டை பிடித்தார். ஏற்றுமதியாளரில் ஒரு பிரிவினர் வெளிநாட்டுத் தேயிலையைத் தாராளமாக இறக்குமதி செய்து கலக்க அனுமதி கேட்டார்கள். துபாயில் ஒரு செடிகூட இல்லாமல் தேயிலைக் கலவை மையம் நடக்கிறது. துறைமுகமும் சுவைஞர்களும் உள்ள கொழும்பு ஏன் அதைச் செய்யக் கூடாது என்பது அவர்கள் வாதம். அது எளிதாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. பெர்னாண்டோ கடைசிவரை எதிர்த்தார்: கொழும்பிலிருந்து கலப்புத் தேயிலை போகத் தொடங்கினால் ‘சிலோன் டீ’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்க யாருக்கும் காரணம் இராது என்றார். இத்தாலியின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் கூடுதல். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது: முழுக்க இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டதாகவும் இருந்தால்தான் அந்தச் சிங்கத்தைப் பக்கற்றில் போடலாம்.

பெர்னாண்டோ 2023 யூலை 20ஆம் திகதி தமது 93ஆவது வயதில் காலமானார். அவர் தொடங்கிய அறக்கட்டளை தோட்டப் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவி வருகிறது. சுவைஞர் தொழிலும் மாறியிருக்கிறது: 2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் கொழும்பு ஏலம் இணையவழிக்குப் போனது, கத்திப் பேரம்பேசும் மண்டபம் போய்த் திரைகள் வந்தன. ஆயினும் திரைக்கு முன்னால் அமர்வதற்குமுன் மாதிரிப் பொதி பிரிக்கப்பட்டு, கொதிநீர் ஊற்றப்பட்டு, யாரோ ஒருவர் உறிஞ்சித் துப்பியாக வேண்டும். அந்த வேலையை எந்தக் கருவியும் இன்னும் பறிக்கவில்லை.

பெர்னாண்டோவின் வாழ்க்கை சாதித்ததையும் சாதியாததையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பக்கற்றின் பெயரும், பொதிசெய்யும் கூலியும், விளம்பர இலாபத்தில் ஒரு பங்கும் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்தன. அது சிறிய காரியமல்ல. கொழும்பிலிருந்து மலைக்கு ஏறியது மிகக் குறைவு. கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட 2021 வரை ஆனது. 2024இல் நீண்ட இழுபறிக்குப் பின் நிர்ணயமான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய்.